ஹைட்ரஜன் துறைமுகமும் ஒரு கறுப்புப் பூச்சும்

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பர் 5 அன்று ஒரு சிறிய ஆலை தொடங்கிவைக்கப்பட்டது. ரூ.3.87 கோடி செலவில் அமைந்த அந்த ஆலை, தண்ணீரை மின்சாரத்தால் பகுத்து மணிக்கு 10 கன மீட்டர் பசுமை ஹைட்ரஜனைத் தரும். துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் ஒரு மின்வாகன மின்னேற்று நிலையத்துக்கும் அது பயன்படும் என்று அறிவிக்கப்பட்டது. இந்தியத் துறைமுகங்களில் இத்தகைய முதல் முயற்சி என்றும் இது அறிவிக்கப்பட்டது. காண்ட்லா, பாரதீப் ஆகியவற்றோடு சேர்த்துத் தூத்துக்குடியையும் பசுமை ஹைட்ரஜன் மையமாக வளர்க்க மத்திய அரசு முடிவு செய்திருக்கிறது. உப்பளமும் முத்துக்குளிப்பும் அடையாளமாக இருந்த எங்கள் ஊருக்கு இது புதிய அடையாளம்.

அந்தச் செய்தி வந்த வாரத்தில், துறைமுகத்தில் பணிபுரியும் என் அக்காள் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். “மாமா, ஹைட்ரஜன் இங்கேயே தயாராகிறது. இனிமேல் எல்லாம் சரிதானே?” என்று கேட்டான். பீங்கான் மின்வேதியியலில் பல ஆண்டுகள் உழன்றவன் என்ற முறையில் எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஹைட்ரஜனைத் தயாரிப்பது பாதி வேலைதான். அதை மீண்டும் மின்சாரமாக மாற்றுவதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. அந்த மீதிப் பாதியில், பார்வைக்குக் கரியைக் குழைத்துப் பூசியது போல் தோன்றும் ஒரு மெல்லிய பூச்சில், உலகின் தேர்ந்த ஆய்வாளர்கள் பலர் பல பத்தாண்டுகளாகத் திணறிக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்கு அன்று சொல்ல முயன்றதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஓர் எளிய கணக்கு. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜனில் ஏறத்தாழ 3 யூனிட் ஆற்றல் இருக்கிறது. மணிக்கு 10 கன மீட்டர் என்றால் 30 யூனிட். இதை உருவாக்க மின்பகுப்பானுக்குக் கொடுக்க வேண்டிய மின்சாரம் சுமார் 50 யூனிட். அந்த 30 யூனிட்டையும் நாம் மின்சாரமாகத் திரும்பப் பெற முடியாது. பாதித் திறனில் இயங்கும் கருவியில் 15 யூனிட் கிடைக்கும். 60 விழுக்காடு திறன் என்றால் 18. ஆக, 50 கொடுத்து 15 அல்லது 18 பெறுகிறோம். வெறும் தெருவிளக்குக்கு என்றால் சேமிப்பு மின்கலமே மேல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாரக்கணக்கில் கடலில் செல்லும் கப்பலுக்கோ, உரத் தொழிற்சாலைக்கோ, காற்றாலைகள் ஓய்ந்துவிடும் பருவத்துக்கோ மின்கலம் மட்டும் போதாது. அங்கே ஹைட்ரஜனோ, அதிலிருந்து பெறும் அம்மோனியாவோ, மெத்தனாலோ தேவைப்படும். அப்போது திரும்பக் கிடைக்கும் ஒவ்வொரு யூனிட்டும் முக்கியம்.

எரிக்காமல் எரிப்பது

எரிபொருளை எரித்து, நீராவி உண்டாக்கி, சுழலியைச் சுற்றி மின்சாரம் எடுப்பது நாம் அறிந்த வழி. எரிபொருள் கலம் இந்தச் சுற்றுவழியைத் தவிர்க்கிறது. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒரு தடுப்பின் இரு பக்கங்களில் நிறுத்தி, அவை நேரடியாகக் கலந்து எரிந்துவிடாமல், அயனிகளைத் தடுப்பின் வழியாகவும் எலெக்ட்ரான்களை வெளிக்கம்பியின் வழியாகவும் அனுப்புகிறது. கம்பியில் ஓடுவதே நமக்குத் தேவையான மின்சாரம். மிஞ்சுவது நீராவி. பிரிட்டனைச் சேர்ந்த வில்லியம் குரோவ் இந்த விளைவை 1839 இலேயே கண்டறிந்தார்.

இன்று பேருந்திலும் படகிலும் பெரும்பாலும் பயன்படுவது நெகிழிச் சவ்வைத் தடுப்பாகக் கொண்ட கலம். 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில் பிரதமர் தொடங்கிவைத்த, கொச்சி கப்பல் கட்டும் தளம் உருவாக்கிய, நாட்டின் முதல் ஹைட்ரஜன் எரிபொருள் கலப் படகில் இருப்பதும் இந்த வகைதான். இது சுமார் 80 டிகிரி செல்சியஸில் இயங்கும், விரைவில் உயிர்பெறும். ஆனால் இதற்குப் பிளாட்டினம் வேண்டும். மிகத் தூய ஹைட்ரஜன் வேண்டும்.

இன்னொரு வகை, திட ஆக்சைடு எரிபொருள் கலம். இதில் தடுப்பு என்பது பீங்கான். வால்டர் நெர்ன்ஸ்ட் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், சிர்கோனியாவோடு வேறு ஆக்சைடுகளைச் சேர்த்துச் சூடேற்றினால் அது மின்சாரத்தைக் கடத்தும் என்று கண்டு, அதை வைத்து ஒரு விளக்கே செய்தார். 1937 இல் சுவிட்சர்லாந்தில் பாவரும் பிரைஸும் அதே வகைப் பீங்கானைக் கொண்டு முதல் திட ஆக்சைடு கலத்தை சுமார் 1,000 டிகிரியில் இயக்கிக் காட்டினர். இந்தப் பீங்கானின் படிக அமைப்பில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய சில இடங்கள் காலியாக இருக்கும். பேருந்தில் ஒருவர் இருக்கை மாற, அவர் விட்ட இருக்கைக்கு இன்னொருவர் நகர்வதுபோல, ஆக்சைடு அயனிகள் அந்தக் காலியிடங்கள் வழியாகத் தாவித் தாவிக் கடக்கும்.

இந்த வகைக்குப் பிளாட்டினம் தேவையில்லை. ஹைட்ரஜன் மட்டுமன்றி இயற்கை எரிவாயு, மெத்தனால், அம்மோனியா ஆகியவற்றையும் இது ஏற்கும். அந்த வெப்பத்தில் நிக்கல் கலந்த எரிபொருள் பக்க மின்வாயே அவற்றைச் சிதைத்து ஹைட்ரஜனைப் பிரித்துக்கொள்ளும். 60 விழுக்காடு வரை மின்திறன் கிட்டும். அதே கலத்தைத் தலைகீழாக இயக்கினால் நீராவியைப் பகுத்து ஹைட்ரஜனும் தரும். உரத் தொழிற்சாலையும் அம்மோனியாவைக் கையாண்ட அனுபவமும் மெத்தனால் நிரப்பும் நிலையத் திட்டமும் கொண்ட தூத்துக்குடிக்கு இதைவிடப் பொருத்தமான கலம் வேறில்லை என்பது என் துணிபு.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் பயின்ற கே.ஆர். ஸ்ரீதர், அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில், செவ்வாய்க் கோளின் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் கருவிக்காக நாசாவுடன் பணியாற்றினார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டபோது, அதே செயல்முறையைத் திருப்பிப்போட்டு மின்சாரம் எடுக்கலாம் என்று 2001 இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று புளூம் எனர்ஜி என்று அறியப்படுவது அதுவே. எம்.எஸ்.சி. வேர்ல்ட் யூரோப்பா என்னும் பெரும் பயணியர் கப்பலில் நிறுவப்பட்ட 150 கிலோவாட் திட ஆக்சைடு கலம் அந்த நிறுவனம் தந்தது. ஆகவே, கப்பலில் இதற்கு இடமுண்டா என்ற கேள்விக்கு ஒரு தொடக்கப் பதில் கிடைத்துவிட்டது.

வெப்பமே எதிரி

இவ்வளவு நன்மை இருந்தும் இந்தக் கலம் தெருவுக்குத் தெரு வராததற்கு முதற்காரணம் வெப்பம். பழைய வடிவங்கள் 800 முதல் 1,000 டிகிரி வரை இயங்குபவை. அந்த வெப்பத்தில் கலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் தகடுகளுக்கு விலையுயர்ந்த உலோகக் கலவையோ பீங்கானோ வேண்டும். வாயு கசியாமல் அடைக்கும் கண்ணாடி முத்திரைகள் நாளடைவில் விரிசல் விடும். சூடாகவும் ஆறவும் பல மணி நேரம் ஆகும். ஒவ்வொரு முறை நிறுத்தி இயக்கும்போதும் பீங்கான் அடுக்குகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துச் சேதப்படுத்தும்.

இயங்கும் வெப்பத்தை 600 டிகிரிக்கு இறக்கிவிட்டால் சாதாரண எவர்சில்வர் வகை எஃகே தகடாகப் போதும். முத்திரைகள் நீடிக்கும். விலை இறங்கும். பிரிட்டனின் செரெஸ் நிறுவனம் எஃகுத் தகட்டின் மீதே மெல்லிய சீரியாப் படலத்தைப் படியவைத்து இந்த எல்லையில் இயங்கும் கலங்களை உருவாக்கியிருக்கிறது. எனவே உலகெங்கும் ஆய்வாளர்களின் இலக்கு 500 முதல் 650 டிகிரி என்ற இடைவெளிதான்.

சூட்டைக் குறைத்தால் என்ன ஆகும்? எல்லாமே மெதுவாகும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் மெதுவாவதில்லை. இங்கேதான் அந்தக் கறுப்புப் பூச்சு வருகிறது.

கலத்தின் காற்றுப் பக்கத்து மின்வாயைக் கேத்தோடு என்கிறோம். அதன் கனம் பொதுவாக 30 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமயிரின் பருமனுக்கும் குறைவு. அதன் வேலை கடினமானது. காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்து, இரண்டு அணுக்களாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு எலெக்ட்ரான்களைக் கொடுத்து, அயனியாக்கிப் பீங்கான் தடுப்புக்குள் அனுப்ப வேண்டும். ஆக்சிஜனின் பிணைப்பு வலிமையானது, எளிதில் உடையாது. இதற்குத் தேவைப்படும் கிளர்வு ஆற்றல் பல கேத்தோடுகளில் ஏறத்தாழ 1.5 எலெக்ட்ரான் வோல்ட். தடுப்பின் வழியே அயனி நகர்வதற்கு 0.9 அளவே போதும்.

இந்த இரு எண்களின் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்த்தால், 800 டிகிரியிலிருந்து 600 டிகிரிக்கு இறங்கும்போது தடுப்பின் கடத்துதிறன் சுமார் 9 மடங்கு குறைகிறது. கேத்தோடின் வினைவேகமோ சுமார் 40 மடங்கு குறைகிறது. தடுப்பை மெலிதாக்கி முதல் குறையைச் சரிக்கட்டலாம். கேத்தோடின் குறையை மெலிதாக்கிச் சரிசெய்ய முடியாது. பொருளையே மாற்ற வேண்டும். குறைந்த வெப்பத் திட ஆக்சைடு கலம் என்ற முழுக் கனவும் இந்தப் பூச்சில் வந்து முட்டி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பெரோவ்ஸ்கைட் குடும்பம்

பழைய கலங்களின் கேத்தோடு, லாந்தனம், ஸ்ட்ரான்சியம், மாங்கனீசு ஆகியவை சேர்ந்த ஆக்சைடு. யூரல் மலையில் கிடைத்த பெரோவ்ஸ்கைட் என்னும் கனிமத்தின் படிக அமைப்பை ஒத்திருப்பதால் இந்தக் குடும்பத்துக்கே அந்தப் பெயர். இந்தப் பொருள் எலெக்ட்ரான்களை நன்கு கடத்தும். அயனிகளை அவ்வளவாகக் கடத்தாது. எனவே காற்றும் பூச்சும் தடுப்பும் மூன்றும் சந்திக்கும் கோட்டில் மட்டுமே வினை நடக்கும். வயல் முழுவதும் இருக்க, வரப்பில் மட்டும் பயிரிட்டது போன்ற நிலை. 900 டிகிரியில் இது போதும். 600 டிகிரியில் போதாது.

அடுத்த தலைமுறை, மாங்கனீசுக்குப் பதில் கோபால்ட்டும் இரும்பும் சேர்ந்த கலவை. இது எலெக்ட்ரான், அயனி இரண்டையும் கடத்தும். ஆகவே பூச்சின் மேற்பரப்பு முழுவதும் வினைக்களமாகிறது. ஆனால் இது சிர்கோனியாத் தடுப்போடு வினைபுரிந்து, மின்சாரம் கடத்தாத ஸ்ட்ரான்சியம் சிர்கோனேட்டை எல்லையில் உண்டாக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே கடோலினியம் கலந்த சீரியாவை மெல்லிய திரையாக இட வேண்டியிருக்கிறது. இன்றைய வணிகக் கலங்கள் பலவற்றில் இந்த ஏற்பாடுதான்.

2004 இல் சோங்பிங் ஷாவோவும் சொஸ்சினா ஹைலும் அமெரிக்காவிலிருந்து வெளியிட்ட ஆய்வு, துறையையே உலுக்கியது. பேரியம், ஸ்ட்ரான்சியம், கோபால்ட், இரும்பு சேர்ந்த கேத்தோடைக் கொண்டு, 600 டிகிரியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வாட்டுக்கு மேல் மின்திறன் எடுத்துக் காட்டினார்கள். ஆனால் மகிழ்ச்சி முழுமையாக நீடிக்கவில்லை. இந்தப் பொருளின் படிக அமைப்பு, இயங்கும் வெப்பத்திலேயே நாளடைவில் வேறு வடிவத்துக்கு மாறுகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு அதன் பேரியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் பற்றிக் கார்பனேட்டாக்கி மேற்பரப்பை மூடுகிறது.

நானும் அந்த அலையில் அடித்துச் செல்லப்பட்டவன்தான். ஆய்வு மாணவனாக இருந்தபோது கோபால்ட் மிகுந்த ஒரு பூச்சைச் சிர்கோனியா வில்லையின் மீது இட்டு, உலையில் சுட்டு, இரவு முழுவதும் ஆறவிட்டேன். காலையில் உலையைத் திறந்தால், பூச்சு ஒரு கறுப்புச் செதிளாகச் சுருண்டு தனியே கிடந்தது. கோபால்ட் ஆக்சைடுகள் சிர்கோனியாவைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வெப்ப விரிவு கொண்டவை என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன்; அன்றுதான் கண்ணால் கண்டேன். அது போல உரிந்து விழுந்த வில்லைகளை ஒரு டப்பாவில் சேர்த்துவைத்தேன். முதல் ஆண்டின் முடிவில் அந்த டப்பா நிரம்பியிருந்தது.

இப்போது முயற்சிகள் பல திசைகளில் நடக்கின்றன. பிரசியோடிமியமும் பேரியமும் அடுக்கடுக்காக அமைந்த இரட்டைப் பெரோவ்ஸ்கைட்டுகளில் ஆக்சிஜன் விரைந்து ஓடத் தனிப் பாதை கிடைக்கிறது. லாந்தனம் அல்லது பிரசியோடிமியம் சேர்ந்த நிக்கலேட்டுகளில் ஆக்சிஜன் கூடுதலாக இடைச்செருகலாக நிற்கிறது. இவற்றில் ஸ்ட்ரான்சியம் இல்லாமலே காரியம் நடக்கலாம். நல்ல நுண்துளைச் சட்டகத்தின் மேல் வினையூக்கியின் நீர்மக் கரைசலை ஊறவைத்துச் சுடும் முறையில், குறைந்த அளவு பொருளில் மிகுந்த பரப்பு கிடைக்கிறது. கோபால்ட்டின் பெரும்பங்கு காங்கோவிலிருந்து வருவதாலும், அங்குள்ள சுரங்கங்களின் நிலையாலும், கோபால்ட் இல்லாத கேத்தோடுகளைத் தேடுவது தனிப் பிரிவாகவே வளர்ந்துள்ளது.

தடுப்பையே மாற்றி, ஆக்சைடு அயனிக்குப் பதிலாகப் புரோட்டானைக் கடத்தும் பீங்கானைப் பயன்படுத்துவது இன்னொரு வழி. 2015 இல் அமெரிக்காவின் கொலராடோ சுரங்கவியல் கல்லூரி ஆய்வாளர்கள் இத்தகைய கலங்களை 500 டிகிரியிலும் அதற்குக் கீழும் இயக்கிக் காட்டினர். அவர்கள் பயன்படுத்திய கேத்தோடு, புரோட்டான், ஆக்சைடு அயனி, எலெக்ட்ரான் மூன்றையும் கடத்தும் பொருள்.

வேகம், நிலைத்த தன்மை, மலிவு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த கேத்தோடு இன்னும் யார் கையிலும் இல்லை. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது.

உப்புக் காற்றில் ஒரு சோதனை

ஆய்வகத்தில் கேத்தோடுக்குக் கொடுப்பது உலர்ந்த, தூய காற்று. துறைமுகத்தில் கிடைப்பது அந்தக் காற்றல்ல. இதுதான் என் கட்டுரையின் மையக் கருத்து.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் துறைமுகச் சாலையில் நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் உப்பளம். மறு பக்கம் கடல். நடுவே நிலக்கரிக் குவியல்கள். தலா 210 மெகாவாட் கொண்ட ஐந்து அலகுகளுடன் பழைய அனல் மின் நிலையமும், தலா 500 மெகாவாட் கொண்ட இரண்டு அலகுகளுடன் புதிய அனல் மின் நிலையமும் அங்கேயே உள்ளன. காற்றில் ஈரம், உப்பு, கந்தக டை ஆக்சைடு, நிலக்கரித் தூசி எல்லாம் கலந்திருக்கும்.

இவை ஒவ்வொன்றும் கேத்தோடுக்குப் பகை. சூட்டில் ஸ்ட்ரான்சியம் மெல்ல மெல்லப் படிகத்தின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து சேரும். அங்கே கந்தக டை ஆக்சைடைச் சந்தித்தால் ஸ்ட்ரான்சியம் சல்பேட்டாகி, வினைக்களத்தை அடைத்துவிடும். ஈரத்தின் தீங்கு மறைமுகமானது. வெப்பத்தைக் குறைத்துவிட்டோம், மலிவான எஃகைப் பயன்படுத்தலாம் என்று மகிழ்ந்தோமே, அந்த எஃகில் குரோமியம் இருக்கிறது. ஈரக்காற்று அந்தக் குரோமியத்தை ஆவியாக்கும் வேகத்தைக் கூட்டும். ஆவியான குரோமியம் கேத்தோடில் படிந்து அதை நஞ்சூட்டும். எஃகுக்குக் காப்புப் பூச்சு இடலாம், காற்றை வடிகட்டலாம். ஆனால் ஒவ்வொன்றும் செலவு. ஒவ்வொரு வடிகட்டியும் காற்றை இழுக்கக் கூடுதல் மின்சாரம் கேட்கும்.

இழப்பு எவ்வளவு என்பதை இன்னொரு கணக்கு காட்டும். நிலையான பயன்பாட்டுக்கு ஒரு கலம் 40,000 மணி நேரமாவது, அதாவது நாலரை ஆண்டுகளாவது உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுண்டு. ஆயிரம் மணி நேரத்துக்கு ஒரு விழுக்காடு தளர்ச்சி என்றால், அந்தக் கால முடிவில் திறனில் 40 விழுக்காடு போய்விடும். கால் விழுக்காடு என்றால் போவது 10 விழுக்காடுதான். ஆய்விதழ்களில் வெளியாகும் பல கேத்தோடுகள் 100 மணி நேரம், 500 மணி நேரம் மட்டுமே சோதிக்கப்பட்டவை. அவற்றில் எது கடற்கரையில் நிற்கும் என்பதை அந்த எண்களிலிருந்து சொல்ல முடியாது.

குளிர்நாட்டு ஆய்வகத்தில் வெற்றி பெற்ற ஒரு பூச்சு தூத்துக்குடிக் காற்றில் தோற்கலாம். அங்கே இரண்டாம் இடம் பெற்றது இங்கே முதலிடம் பெறலாம். இதை நமக்காக வேறு யாரும் சோதித்துச் சொல்லப் போவதில்லை.

கடற்கரை மணலும் ஒரு தவறான முடிவும்

இந்தக் கேத்தோடுகளுக்கு வேண்டிய லாந்தனமும் பிரசியோடிமியமும், திரைக்கு வேண்டிய சீரியமும், தடுப்புக்கு வேண்டிய சிர்கோனியமும் எங்கே கிடைக்கின்றன? தென்தமிழகக் கடற்கரை மணலிலேயே அவை இருக்கின்றன. மோனசைட்டில் அருமண் தனிமங்கள், சிர்கானில் சிர்கோனியம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் இவற்றைப் பிரித்தெடுக்கிறது. தாதுமணல் என்ற சொல் இந்த மாவட்டங்களில் எத்தகைய கசப்பைச் சுமக்கிறது என்பதும், 2013 இல் அதன் சுரங்கப் பணிக்குத் தமிழக அரசு தடை விதித்ததும் வாசகர்கள் அறிந்தவையே. அணுக் கதிர்வீச்சுள்ள தோரியம், கரையரிப்பு, மீனவர் வாழ்வு ஆகியவை குறித்த அச்சங்கள் எளிதில் தள்ளிவிடக் கூடியவையல்ல.

“பசுமை ஆற்றலுக்கு அருமண் வேண்டும், ஆகவே கரையைத் தோண்டியே ஆகவேண்டும்” என்று இனி யாரேனும் சொல்லக்கூடும். குறைந்தபட்சம் இந்தக் கலத்தைப் பொறுத்தவரை அந்த வாதம் நிற்காது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை வாட் எடுத்தால், ஒரு கிலோவாட்டுக்கு 2,000 சதுர சென்டிமீட்டர் பரப்பு வேண்டும். 50 மைக்ரான் கனத்தில், நுண்துளைகளை நீக்கிக் கணக்கிட்டால், கேத்தோடுப் பொருள் சுமார் 40 கிராம். லாந்தனம் சேர்ந்த கோபால்ட்-இரும்பு வகையில் அதன் எடையில் 37 விழுக்காடுதான் லாந்தனம். ஆக, ஒரு மெகாவாட்டுக்குத் தேவை ஏறத்தாழ 15 கிலோ லாந்தனம். ஒரு மூட்டை அரிசியின் எடை கூட இல்லை.

எனவே இதில் மதிப்பு தோண்டுவதில் இல்லை. பிரிப்பதிலும் தூய்மையாக்குவதிலும், அந்தத் தூளைச் சரியான நுண்துளைப் பூச்சாக மாற்றும் கைத்திறனிலும்தான் இருக்கிறது. மணலை ஏற்றுமதி செய்து பூச்சை இறக்குமதி செய்யும் நாடாக நாம் இருந்தால், கரையையும் இழப்போம், தொழிலையும் இழப்போம்.

முத்து தரும் பாடம்

நம்மிடம் ஆற்றல் இல்லாமல் இல்லை. அழகப்பச் செட்டியாரின் கொடையால் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் இயங்குகிறது. அதன் கடல்சார் ஆய்வு மையம் ஒன்று தூத்துக்குடித் துறைமுகப் பகுதியிலேயே இருக்கிறது. உப்புக் காற்று உலோகத்தை எப்படித் தின்கிறது என்பதை அங்குள்ளோர் அறிந்த அளவு வேறு எவரும் அறிந்திருக்க வழியில்லை. கொல்கத்தாவிலுள்ள மத்திய கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிறுவனம் திட ஆக்சைடு கலங்களையும் அவற்றின் அடுக்குகளையும் உருவாக்கி அனுபவம் பெற்றிருக்கிறது. குறைவது இணைப்பும் பொறுமையும் பணமும்.

பணத்தைப் பார்ப்போம். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் மொத்த ஒதுக்கீடு ரூ.19,744 கோடி. அதில் ஆராய்ச்சி, மேம்பாட்டுக்கு என ஒதுக்கப்பட்டது ரூ.400 கோடி. நூறு ரூபாயில் இரண்டு ரூபாய். மீதியில் பெரும்பங்கு உற்பத்தி ஊக்கத்தொகை. ஆலைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆலைகளை மட்டும் எழுப்பி, அவற்றின் இதயமான பொருளைப் பிற நாடுகளிடம் வாங்கினால், சூரியத் தகடுகளில் நேர்ந்ததே இங்கும் நேரும்.

இந்தக் கரைக்கு இந்தப் பாடம் புதிதல்ல. நூற்றாண்டுகளாக நடந்த முத்துச் சலாபம் 1961 உடன் நின்றுபோயிற்று. பார்களில் சிப்பி இல்லை. அதன் பின், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி, தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் 1973 இல் வளர்ப்பு முத்தை வெற்றிகரமாக உருவாக்கினார். 1981 இல் சிப்பிக் குஞ்சுகளை ஆய்வகத்திலேயே பொரிக்கவும் தூத்துக்குடியில் வழி கண்டனர். உலகத் தரமான அறிவியல் அது. ஆயினும் அது இந்தக் கரையில் பெருந்தொழிலாக வேரூன்றவில்லை. ஆய்வகத்துக்கும் தொழிலுக்கும் நடுவே கடக்க வேண்டிய நீண்ட, சலிப்பூட்டும் தொலைவை நடக்க யாரும் தொடர்ந்து துணை நிற்கவில்லை. கேத்தோடும் அதே விதியை அடையலாம்.

அதைத் தவிர்க்க மூன்று காரியங்களை முன்வைக்கிறேன்.

ஒன்று, துறைமுக வளாகத்தில் ஒரு நீண்டகாலச் சோதனைக் கூடம். பல சிறு கலங்களை, வடிகட்டாத காற்றிலும் வடிகட்டிய காற்றிலும் பக்கத்தில் பக்கமாக வைத்து, 10,000 மணி நேரம் நிறுத்தாமல் இயக்கிப் பதிவு செய்ய வேண்டும். ஒரு கலம் ஓர் உள்ளங்கை அளவுதான். உலைகளும் அளவீட்டுக் கருவிகளும் எட்டாத விலையுடையவை அல்ல. துறைமுகம் இடம் தரட்டும், காரைக்குடியும் கொல்கத்தாவும் கலங்களைத் தரட்டும், வ.உ.சி. கல்லூரி, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் மாணவர்கள் அளவிடட்டும்.

இரண்டு, தோல்வியையும் வெளியிடும் ஒழுங்கு. எந்தப் பூச்சு எத்தனையாவது மணியில், எந்தப் பருவத்தில், எதனால் தளர்ந்தது என்ற தரவு அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும். என் டப்பாவில் கிடந்த செதிள்களைப் பற்றி நான் ஒரு வரியும் வெளியிட்டதில்லை; வெற்றி பெற்ற வில்லைகளை மட்டுமே எழுதினேன். என்னைப் போல் நூறு பேர் மறைத்திருப்பார்கள். அதனால் அடுத்து வந்தவர்கள் அதே பூச்சை மீண்டும் உரியவிட்டார்கள்.

மூன்று, ஐ.ஆர்.இ.எல். ஏற்கெனவே பிரித்தெடுக்கும் லாந்தனம், சீரியம், பிரசியோடிமியம் ஆகியவற்றிலிருந்து கேத்தோடுத் தூளை இங்கேயே தயாரிக்கும் ஒரு முன்னோடிப் பிரிவு. புதிதாக ஒரு பிடி கடற்கரை மணலும் தேவையில்லை என்பதை எழுத்தில் உறுதி செய்துவிட்டே அதைத் தொடங்க வேண்டும். கரையோர மக்களின் நம்பிக்கையைப் பெற அதைவிட நேரான வழி இல்லை.

இந்தத் துறைமுகத்துக்குப் பெயர் தந்தவர் 1906 இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். கப்பல்களை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியிருந்தது; ஆனாலும் வாங்கினார், ஓட்டினார். ஆங்கிலேயரின் கட்டணப் போரும் அவரது சிறைவாசமும் சேர்ந்து நிறுவனத்தைச் சாய்த்தன. இன்று நம்மைச் சாய்க்க அத்தகைய பகைவர் தேவையில்லை. ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்த கையோடு மறந்துவிடும் நம் பழக்கமே போதும்.

என் மருமகனுக்கு அன்று சொன்ன பதில் இதுதான்: “ஹைட்ரஜன் வந்தது நல்லதுதான்டா. அதை வாங்கி மின்சாரமாக்கும் பூச்சு இந்த உப்புக் காற்றில் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்டால், அப்போது எனக்குச் சொல்.” அவன் இதுவரை சொல்லவில்லை. சொன்னால், என் பழைய டப்பாவை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக நான் போய் நிற்பேன்.